காலைக் கொடுத்தார்கள், நடையைக் கொடுத்தார்களா?

மேடை அமைத்தார்கள்; வாழைமரம் கட்டினார்கள்; குத்துவிளக்கு ஏற்றினார்கள். பெயர்கள் வாசிக்கப்பட்டன. ஒவ்வொருவராகக் கோலூன்றி வந்தார்கள். பிரமுகர் கையிலிருந்து செயற்கைக் கால் ஒன்று பயனாளியின் கைக்கு மாறிற்று. படம் பிடிக்கப்பட்டது. "இத்தனை பேருக்குக் கால்கள் வழங்கப்பட்டன" என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. கால் வழங்கினார்கள், உண்மை. ஆனால் கால் என்பது கையில் வாங்கிக்கொள்ளும் பொருளா?

வன்னியில் நடந்த இத்தகைய விழாவொன்றுக்கு நாமும் போயிருந்தோம். எந்த ஊர், எந்தச் சங்கம் என்று சொல்லப்போவதில்லை. குற்றம் ஒருவருடையதாக இருந்தால் பெயரைச் சொல்லிக் கண்டிக்கலாம். இது பலர் கூடிச் செய்யும் குற்றம். அன்று கால் பெற்றவர்களுள் ஒருவர் கரைவலை இழுத்துப் பிழைத்தவர்; 2009 இல், போரின் இறுதி மாதங்களில் எறிகணை வீச்சில் இடக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். ஏழெட்டு மாதங்கள் கழித்து அவர் வீட்டுப் படலையைத் திறந்தோம். தென்னையின் நிழலில் கதிரை போட்டு இருந்தார். கக்கத்தில் ஊன்றும் கோல்கள் இரண்டும் பக்கத்தில் சாய்ந்து கிடந்தன. கால் எங்கே என்று கேட்டோம். அவர் மனைவி உள்ளே போய், நெல்மூட்டைக்குப் பின்னாலிருந்து, பழைய சேலைத் துண்டில் சுற்றியபடி எடுத்து வந்தார்.

"போட்டா விழுந்திடுவன் எண்ட பயம், ஐயா. மணலிலை ரெண்டுதரம் விழுந்திட்டன். கோல் எண்டா நம்பலாம்."

"நடக்கப் பழக்கவில்லையா?"

"அண்டைக்கு மண்டபத்துக்குள்ளை பத்தடி நடக்கச் சொன்னவை. நடந்தன். கை தட்டினவை."

கை தட்டினார்கள்! நாமும் அங்கே இருந்தோம். நாமும் கை தட்டியிருப்போம். வழவழப்பான சீமெந்துத் தரையில் பத்தடி. அவருடைய வாழ்வோ கடற்கரை மணலில். அந்தப் பத்தடிக்கும் இந்த மணலுக்கும் இடையே இருக்கும் தூரத்தை அளப்பதற்கு அம்மேடையில் ஒருவரும் இருக்கவில்லை.

செயற்கைக் காலை நம் மக்கள் பொய்க்கால் என்பார்கள். கோயில் திருவிழாவில் பொய்க்கால் குதிரை ஆடுகிறவன் வீதிக்கு வருமுன் எத்தனை நாட்கள் பழகுகிறான் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு கால்களும் உள்ளவன், ஆட்டத்துக்காகக் கட்டையில் ஏறி நிற்க அத்தனை நாட்கள் பழகுகிறான். காலிழந்தவனுக்கு ஒரு பிற்பகல் போதும் என்று தீர்மானித்தவர் யார்? குழந்தைக்குக்கூட நடைவண்டி செய்து கொடுத்து, பின்னால் கை நீட்டியபடி தாய் நடக்கிறாளே!

நிலை தவறாமல் நிற்பது என்பது என்ன? இதைச் சற்று விரித்தே சொல்லவேண்டும். ஏனெனில் இதை அறியாமைதான் இந்த அநீதிக்கு வேர். நாம் அசையாமல் நிற்பதாக நினைக்கிறோம். உண்மையில் உடல் இடைவிடாது இம்மி இம்மியாக ஆடிக்கொண்டேயிருக்கிறது. உள்ளங்காலின் தோலும், கணுக்காலின் தசையும் மூட்டும், எப்பக்கம் சாய்கிறோம் என்பதை நொடிதோறும் மூளைக்குச் சொல்கின்றன. கணுக்காற் தசைகள் உடனே இழுத்து நிமிர்த்துகின்றன. கண்ணும் உட்செவியும் துணை நிற்கின்றன. காலை இழந்தவனுக்குப் போனது எலும்பும் சதையும் மட்டுமல்ல. அந்தச் செய்தி வரும் வழியும் போயிற்று. இறப்பரும் மரமும் கொண்டு ஆக்கிய பாதம் தரையில் பட்டதா, கல்லில் பட்டதா, குழியில் இறங்கியதா என்று அதுவாகச் சொல்லாது. எஞ்சிய கால் செருகப்படும் குழியின் சுவர் எங்கே அழுத்துகிறது என்பதைக் கொண்டே அவன் அதை ஊகிக்கவேண்டும். கணுக்கால் செய்த வேலையை இனி இடுப்புச் செய்யவேண்டும். இது புதியதொரு மொழி. கற்பிப்பார் இன்றி யாருக்கும் செவ்வையாக வராது.

கற்பிக்காவிட்டால் என்ன நேர்கிறது? உடல் தானே ஒரு குறுக்கு வழியைக் கண்டுபிடிக்கிறது. பாரமெல்லாம் நல்ல காலின் மேல் ஏறுகிறது. பொய்க்காலின் மேல் ஒரு கணம்கூடத் தங்க அஞ்சி, நல்ல காலை அவசரமாகக் குட்டை எட்டாக வைக்கிறான். பொய்க்காலையோ நீட்டி, மெல்ல எறிகிறான். உடல் ஒரு பக்கம் சாய்கிறது. பார்ப்பவர்கள் "நொண்டி நடை" என்கிறார்கள். அது காலிழந்ததன் விளைவு என்று எல்லோரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அது பழக்காமல் விட்டதன் விளைவு. சில ஆண்டுகளில் இடுப்பு நோகிறது. தனியே சுமந்த நல்ல முழங்கால் தேய்கிறது. ஒரு காலை யுத்தம் எடுத்தது. மற்றக் காலை நமது அலட்சியம் எடுக்கிறது.

"காலப்போக்கில் அவர்களே பழகிக்கொள்வார்கள்" என்று கூறும் அறிவாளர்கள் இருக்கிறார்கள். பழகுகிறார்கள், மெய்தான், பிழையாகப் பழகுகிறார்கள். பிழையாகப் பழகிய நடையை மாற்றுவது புதிதாகப் பழக்குவதிலும் கடினம். பலர் பழகுவதுமில்லை, மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார்கள்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் காலிழந்த 435 பேரிடம் விசாரித்து 2001 இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. முந்திய ஓராண்டுக்குள் விழுந்ததாகச் சொன்னவர்கள் 52 வீதத்தினர். விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்துடன் வாழ்வதாகச் சொன்னவர்கள் 49 வீதத்தினர். கைபிடிச் சுவரும் செப்பனிட்ட நடைபாதையும் உள்ள நாட்டின் கணக்கு அது. நமது ஒழுங்கைகளிலும் வயல் வரம்புகளிலும் மணற் பாதைகளிலும் எத்தனை பேர் விழுகிறார்கள்? அந்தக் கணக்கை எடுத்தவர்கள் யார்? கொடுத்த கால்களை எண்ணுகிறவர்கள், விழுந்த மனிதரை எண்ணினார்களா?

பயிற்சி என்றதும் பெருஞ்செலவு, வெளிநாட்டு இயந்திரம், குளிரூட்டிய மண்டபம் என்று கையை விரிப்பார்கள். அந்தச் சாக்கையும் பார்த்துவிடுவோம். இடுப்பளவு உயரத்தில் நாட்டிய இரண்டு இரும்புக் குழாய்கள். அவற்றின் நடுவே நின்று, பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றப் பழகுவதே முதற் பாடம். உடல் நிறை பார்க்கும் தட்டு இரண்டை வாங்கி இரு பாதங்களின் கீழும் வைத்தால், பொய்க்காலில் எவ்வளவு பாரம் வைக்கிறோம் என்பது கண்ணெதிரே தெரியும். பாதிப் பாரம் வைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர் அதில் எவ்வளவு குறைவாக வைக்கிறார் என்பதைக் கண்டு தாமே வியப்பார். அடுத்து, பொய்க்காலில் நின்றபடி நல்ல காலைத் தாழ்ந்த பலகை ஒன்றின் மேல் மெதுவாக, மிக மெதுவாக ஏற்றி இறக்குவது. அவசரப்பட்டால் ஏமாற்று, மெதுவாகச் செய்தால்தான் பொய்க்கால் பக்கத்து இடுப்பு வேலை செய்யும். பின்னர் நல்ல பாதத்தின் கீழே சிறு பந்து ஒன்றை வைத்து முன்னும் பின்னும் உருட்டுவது. முதலில் இரு கையும் குழாயில்; பின் ஒரு கை; பின் ஒரு விரல்; பின் வெறுங்கை. குழாய், தட்டு, பலகை, பந்து: இவற்றுக்காக எந்தத் திறைசேரி முறிந்துவிடும்? மேடைக்கும் மாலைக்கும் ஒலிபெருக்கிக்கும் கொடுத்த காசு இவற்றுக்குத் தாராளமாகப் போதும்.

விலையுள்ளது வேறொன்று. அது பழக்குகிறவரின் நேரம். நாட்கணக்கில், வாரக்கணக்கில் பக்கத்தில் நின்று, இடுப்பில் கை வைத்து, "இப்போது பாரத்தை இங்கே கொண்டு வா" என்று சொல்லித் தரும் இயன்மருத்துவரின் நேரம். அதைப் படம் பிடிக்க முடியாது. ஆதலால் அதற்குக் கொடையாளி கிடைப்பதில்லை.

பாடம் கால் பொருத்துவதற்கு முன்பே தொடங்கவேண்டும் என்பதையும் பலர் அறியார். சத்திரசிகிச்சை முடிந்து வீடு வந்தவரின் எஞ்சிய காலுக்குக் கீழே அன்பு மிகுதியால் தலையணை வைக்கிறோம். நாள் முழுதும் கதிரையில் இருத்தி வைக்கிறோம். இடுப்பும் முழங்காலும் மடிந்தபடி இறுகிவிடுகின்றன. இறுகிய மூட்டோடு எவ்வளவு நல்ல கால் பூட்டினாலும் நிமிர்ந்து நிற்க இயலாது. தினமும் சிறிது நேரம் குப்புறப் படுக்கவைத்து மூட்டை நீட்டச் செய்தால் இதனைப் பெரிதும் தவிர்க்கலாம். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு தாதியோ சுகாதாரத் தொண்டரோ போதும். சொல்லுகிறார்களா?

குழியின் பொருத்தம் மாறுவதும் அப்படியே. எஞ்சிய கால் முதல் மாதங்களில் சுருங்கிக்கொண்டே போகும். ஒரே நாளிலும் காலைக்கும் மாலைக்கும் பருமன் வேறுபடும். நமது வெயிலில் வியர்வை வழிந்து குழி வழுக்கும். தளர்ந்தால் எத்தனை காலுறை கூட்டிப் போடவேண்டும், தோல் சிவந்தால் எப்போது கழற்றவேண்டும் என்பதையெல்லாம் அறியாதவன், ஆடும் காலில் நின்று நிலை தவறுகிறான், தன்னைத்தானே நொந்துகொள்கிறான். வளரும் பிள்ளையின் கால் ஓராண்டிலேயே குட்டையாகிவிடும். பெரியவர்களுடையதும் சில ஆண்டுகளில் தேய்ந்துபோகும். ஒருமுறை வழங்கிவிட்டு "முடிந்தது" என்று கோப்பை மூடுவதற்கு இது கோயிற் பிரசாதமா?

நாம் எல்லாரையும் ஒரே கோலால் அடிப்பதாக நினைக்கவேண்டாம். கொழும்பில் 1985 இலும் யாழ்ப்பாணத்தில் 1987 இலும் ஜெய்ப்பூர்க் கால் பொருத்தும் பணியைத் தொடங்கியவர்களை நாம் மறக்கவில்லை. குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில், பொருளாதாரத் தடையினால் தேவையான பொருள்கள் கிடையாத காலத்தில், மக்களை எழுப்பி நிறுத்தியவர்கள் அவர்கள். அவர்களது பட்டறைகளில் உண்மைத் தொண்டு நடந்தது, நடக்கிறது. நமது சினம் அவர்கள் மேலன்று. அவர்கள் கையிற் கொடுக்கவேண்டிய ஆளையும் பொருளையும் கொடாமல், விழா நாளில் மட்டும் தலைகாட்டுகிறவர்கள் மேல்.

அந்த ஜெய்ப்பூர்க் கால் பிறந்த கதையே இவர்களுக்கு ஒரு பாடம். 1968 இல் ராஜஸ்தானத்தின் ஜெய்ப்பூர் நகரில் எலும்பு வைத்திய நிபுணர் பிரமோத் கரண் சேத்தியும், ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து அதனை உருவாக்கினார்கள். மேனாட்டுக் கால் சப்பாத்துப் போடுகிறவனுக்கும் நாற்காலியில் இருக்கிறவனுக்கும் ஏற்றது. இந்திய நாட்டுக் குடியானவனோ வெறுங்காலுடன் சேற்றில் இறங்குகிறான், குந்தியிருக்கிறான், சம்மணமிட்டுச் சாப்பிடுகிறான். அவன் வாழ்வைப் பார்த்து, அந்த வாழ்வுக்குப் பாதத்தை வளைத்தார்கள். அவர்கள் கண்டுபிடித்த பாதத்தை நாம் எடுத்துக்கொண்டோம். அவர்கள் பார்த்த பார்வையை விட்டுவிட்டோம். குந்தக்கூடிய பாதத்தைக் கொடுத்துவிட்டு, அதை வைத்துக் குந்தி எழும்புவது எப்படி என்று சொல்லிக்கொடாமல் அனுப்புகிறோம்.

நமது பயிற்சி நிலையங்களின் முற்றத்தில் என்ன இருக்கவேண்டும்? மணல் ஒரு பகுதி. வயல் வரம்புபோல ஒடுங்கிய மண்மேடு ஒரு பகுதி. கல்லும் பள்ளமும் ஒரு பகுதி. பஸ் வண்டியின் மிதிபலகை உயரத்தில் ஒரு படி. குந்தும் மலசலகூடம் ஒன்று. கிணற்றடியில் வாளியோடு திரும்புவதற்கு ஈரத்தரை. குடமேந்தி நடக்கவேண்டிய பெண்ணுக்குக் குடத்தோடு பயிற்சி; சேலைக்கரை தடுக்காமல் படியேறப் பயிற்சி; அதுவும் பெண் பயிற்சியாளர் ஒருவரிடம். ஆண் வைத்தியர் முன் எஞ்சிய காலைக் காட்டக் கூசி வீட்டிலேயே இருந்துவிட்ட பெண்கள் நம் ஊர்களில் இல்லையா? படியேறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது பொய்க்கால் முன்னே என்ற சின்னஞ்சிறு விதியைக்கூட எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? ஊன்றுகோல் ஒன்றே பிடிப்பவர் அதை நல்ல காலின் பக்கத்துக் கையிற் பிடிக்கவேண்டும். மறு பக்கத்திற் பிடித்து நடப்பவர்களைச் சந்தைக்குப் போனால் காணலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமாக, விழப் பழக்கவேண்டும். நகைக்காதீர்கள். விழுவது எப்படியும் நேரும். எப்படி விழுந்தால் எலும்பு முறியாது, விழுந்தபின் பிறர் கை பிடியாமல் தரையிலிருந்து எப்படி எழும்புவது என்று பாய் விரித்துக் கற்பிக்கவேண்டும். தனியே எழும்பத் தெரிந்தவனுக்கு அச்சம் குறையும். அச்சம் குறைந்தவனே காலை மூட்டைக்குப் பின்னாலிருந்து வெளியே எடுப்பான்.

"பயிற்சிக்கு வாருங்கள் என்றால் அவர்கள் வருவதில்லை" என்பது அலுவலகங்களில் கிடைக்கும் கடைசி விடை. ஏன் வருவதில்லை? முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றர் அளவு. கூலி வேலையால் பிழைக்கும் குடும்பத்தில் ஒருவர் வருவதானால் அன்றைய கூலி போயிற்று. துணைக்கு வருபவர் கூலியும் போயிற்று. பஸ் கட்டணம் இருவருக்கு. வாரத்தில் இரண்டு நாள் இப்படி வா என்றால், அடுப்பெரிய என்ன செய்வது? பயிற்சிக்கு வருகிறவருக்குப் பயணப்படியும் நாட்படியும் கொடுத்துப் பாருங்கள். அல்லது பயிற்சியாளரை ஊருக்கு அனுப்பிப் பாருங்கள். இரண்டையும் செய்யாமல், வராதவன் மேல் பழி போடுவது கொடுமை.

போரின் கணக்கோடு இது முடியும் என்று காத்திருப்பவர்களும் ஏமாறுவார்கள். நீரிழிவு, நம் மக்கள் மொழியிற் சீனி வருத்தம், இன்று காலை எடுக்கிறது. அவ்வாறு கால் இழப்பவர் பெரும்பாலும் வயதானவர். எஞ்சிய பாதத்திலும் உணர்ச்சி மங்கியிருக்கும். கண் பார்வையும் குறைந்திருக்கும். பொய்க்காலும் செய்தி சொல்லாது, சொந்தக் காலும் செய்தி சொல்லாது. அவருக்கு நிலை காக்கும் பயிற்சி இளைஞனுக்கு வேண்டியதிலும் பன்மடங்கு வேண்டும்.

இது தருமம் கேட்கும் குரலன்று. மாற்றுத் திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை அரசு 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதி செய்தது. அதன் 20 ஆம் உறுப்புரை, நடமாடும் திறனில் அவர்களுக்கும் அவர்களோடு பணியாற்றும் நிபுணர்களுக்கும் பயிற்சி அளிப்பதை அரசின் கடமை என்கிறது. உபகரணம் கொடு என்று மட்டும் அது சொல்லவில்லை. பயிற்சி கொடு என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2017 இல் வெளியிட்ட நியமங்களிலும், செயற்கை உறுப்புச் சேவையின் படிகளில் ஒன்றாகப் பயனாளிக்குப் பயிற்சி எண்ணப்பட்டிருக்கிறது. பொருளை ஒப்படைப்பதும் பின்தொடர்ந்து பார்ப்பதும் அதற்கு அடுத்த படி. நமது விழாக்காரர் நடுப்படியைத் தாண்டிக் குதிக்கிறார்கள். கால் இரண்டும் உள்ளவர்கள் அல்லவா, குதிக்க முடிகிறது!

சட்டம் எழுதுவதில் நமது அரசினர் ஒருபோதும் பின்னிற்கவில்லை. 1996 இல் 28 ஆம் இலக்கச் சட்டம். 2006 இல் பொதுக் கட்டடங்களுக்கு அணுகுவழி ஒழுங்குவிதிகள். 2009 ஏப்ரலில் அவ்விதிகளை மீறக் கூடாதென உச்ச நீதிமன்றக் கட்டளை. ஆனாலும் கைபிடியில்லாத படிக்கட்டின் உச்சியில் அலுவலகம் நடத்திக்கொண்டு, ஊனமுற்றோர் கொடுப்பனவுப் படிவத்துக்கு "மேலே வாருங்கள்" என்று கூப்பிடும் காட்சியை இன்றும் காண்கிறோம். கொழும்பின் மேல் மட்டும் பழியைப் போட்டு நம்மவர் நழுவவும் முடியாது. சுகாதாரம் மாகாணங்களுக்குப் பகிரப்பட்ட விடயங்களில் ஒன்று. வடக்கிலும் கிழக்கிலும் வாக்குக் கேட்டு வருகிறவர்கள், காலிழந்தவரின் தியாகத்தை மேடையில் முழங்குகிறார்கள். அவர் மேடைப் படியில் ஏறமுடியாமல் கீழே நிற்பதைக் காண்பதில்லை.

புலம்பெயர்ந்து வாழும் நம் உடன்பிறப்புகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஈகையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இனி ஒருவருக்குக் கால் வாங்கப் பணம் அனுப்பும்போது, அதே கடிதத்தில் ஒரு கேள்வியையும் அனுப்புங்கள்: "எத்தனை நாட்கள் பழக்குவீர்கள்? ஆறு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போவது யார்?" விடை வந்தபின் பணத்தை அனுப்புங்கள்.

நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த அமர்வில் சுகாதார அமைச்சரிடம் கேட்கவேண்டியவை இவை. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை ஆகிய மாவட்டங்களில் இயன்மருத்துவர் பதவிகள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, அவர்களுள் தமிழில் நோயாளியோடு பேசக்கூடியவர் எத்தனை பேர்? செயற்கைக் கால் பெற்றவர்களுள் முழுமையான நடைப்பயிற்சி பெற்றவர் எத்தனை பேர்? கால் வழங்கி ஓராண்டின் பின் அதனை இன்னும் அணிகிறவர் எத்தனை பேர்? விடையை ஆண்டுதோறும் மாவட்ட வாரியாக அச்சிட்டு வெளியிட அமைச்சர் உடன்படுவாரா?

அடுத்த விழாவின் அழைப்பிதழ் எமக்கும் வரும். வருவோம். அன்று கால் பெறுகிறவர்களின் ஊர்களைக் குறித்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து அந்தப் படலைகளையும் திறப்போம்.